ஊரார் பிள்ளைக்குப் பட்டாளம்

நெடுஞ்சாலையில் பைக் ரேஸ் விட்ட பையன்கள் ஒரு பெரியவரை இடித்துப் போட்டுவிட்டுப் பறந்தார்கள் என்று செய்தி வரட்டும். மாநகரப் பேருந்தின் கூரைமேல் ஏறி ஆடும் கல்லூரி மாணவர்களின் வீடியோ வரட்டும். மாணவர் கோஷ்டிகளின் 'ரூட்டு தல' சண்டையில் பட்டாக்கத்தி பிடிபட்டது என்று படம் வரட்டும். அரை மணி நேரத்துக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு சித்தப்பா எழுதிவிடுவார்: "இவனுங்கள எல்லாம் பிடிச்சு ரெண்டு வருஷம் மிலிட்டரில போடணும். அப்பத்தான் உருப்படுவானுங்க." கீழே வரிசையாகக் கும்பிடு, கட்டைவிரல், தேசியக் கொடி. கொஞ்சம் விவரம் தெரிந்த ஒருவர் "சிங்கப்பூர்ல பாருங்க, இஸ்ரேல்ல பாருங்க" என்று சேர்ப்பார். அத்தோடு விவகாரம் முடிந்தது.

நம் ஊரில் எதிர்ப்பே இல்லாத கருத்துகளில் இது ஒன்று. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் சொல்கிறார், ஷேர் ஆட்டோ ஓட்டுபவரும் சொல்கிறார், பட்டிமன்றப் பேச்சாளரும் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார். மறுத்துப் பேசினால் தேசபக்தி இல்லாதவன் என்று பெயர் வருமோ என்று மற்றவர்கள் சும்மா இருந்துவிடுகிறார்கள். அந்தப் பெயர் வந்தாலும் பரவாயில்லை. கட்டாய ராணுவச் சேவை இந்தியாவுக்குத் தேவையில்லை. வந்தால் ராணுவத்துக்கும் கெடுதல், பிள்ளைகளுக்கும் கெடுதல் என்பது என் கட்சி.

சித்தப்பா எழுதியதில் அவருடைய மகன் சேர்த்தி இல்லை என்பதைக் கவனியுங்கள். அவன் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஜேஇஇ கோச்சிங்கில் இருக்கிறான். அவனைப் பிளஸ் டூ முடித்ததும் நிறுத்தி, ராஜஸ்தான் வெயிலில் இரண்டு வருஷம் பதுங்குகுழி வெட்டச் சொன்னால், ஊரில் முதல் ஆளாக வக்கீலைப் பார்க்கப் போவது சித்தப்பாதான். மகளைப் பற்றிப் பேச்சே கிடையாது. நார்வேயும் சுவீடனும் பெண்களையும்தான் அழைக்கின்றன என்று சொல்லிப் பாருங்கள், குழுவில் அன்று முழுக்க யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இந்தக் கோரிக்கை எப்போதும் ஊரார் பிள்ளைக்கானது. அதிலும் குறிப்பாக, நமக்குப் பிடிக்காத தலைமுடியும் நமக்குப் பிடிக்காத பைக்கும் வைத்திருக்கும் ஊரார் பிள்ளைக்கு.

இதற்கு டெல்லியிலும் ஒரு வடிவம் உண்டு. 2018 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழு (அப்போது அதன் தலைவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் பி.சி. கந்தூரி) மத்திய, மாநில அரசுகளில் கெஜடட் பதவிக்கு வர விரும்புகிறவர்கள் முதலில் ஐந்து ஆண்டு ராணுவத்தில் பணியாற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது. படையில் ஆள் பற்றாக்குறை, குறிப்பாக அதிகாரிகள் பற்றாக்குறை என்பது காரணம். அரசியல் சட்டமும் வழியை அடைத்துவைக்கவில்லை. கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் 23ஆம் பிரிவே, பொதுக் காரியத்துக்காக அரசு கட்டாயச் சேவை விதிக்கலாம் என்றும் சொல்கிறது. மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. ஆகவே சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. இடம் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆண்கள் 18 வயதைத் தொடுகிறார்கள். முப்படைகளிலும் சேர்த்து இன்று இருப்பவர்கள் ஏறத்தாழ 14 லட்சம் பேர். இரண்டு வருஷச் சேவை என்றால் எந்த நேரத்திலும் இரண்டு கோடிப் பேர் முகாமில் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் சோறு, சீருடை, கட்டில், கழிவறை, துப்பாக்கி, சொல்லிக்கொடுக்க ஹவில்தார். இன்றிருக்கும் அத்தனை ராணுவத்தினரையும் எல்லையிலிருந்து இறக்கி வாத்தியாராக்கினாலும் ஆளுக்குப் பதினான்கு பையன்கள் வருவார்கள். எல்லையில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். சம்பளம்? நான்காண்டுப் பணிக்கு எடுக்கப்படும் சிப்பாயான அக்னிவீரருக்கு முதல் ஆண்டில் தருகிற மாதம் 30,000 ரூபாயையே தந்தால், ஒரு கோடிப் பேருக்கு ஆண்டுக்கு 3.6 லட்சம் கோடி. இரண்டு அணிகளுக்கு 7.2 லட்சம் கோடி. கப்பல், விமானம், பென்ஷன் எல்லாம் உட்பட 2025-26க்கான பாதுகாப்பு பட்ஜெட் மொத்தமே 6.81 லட்சம் கோடிதான்.

"சம்பளம் எதுக்கு? சேவைதானே, கைச்செலவுக்குக் கொடுத்தா போதும்" என்று ஒரு பதில் வரும். திருப்பூரில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கும் 18 வயதுப் பையனின் சனிக்கிழமைச் சம்பளத்தில் ஒரு வீட்டு வாடகை, ஒரு அக்காவின் நகைக்கடன் வட்டி, ஒரு தம்பியின் பள்ளிக்கூடம் ஓடுகிறது. அவனைக் கூட்டிக்கொண்டுபோய்க் கைச்செலவு கொடுப்பது என்றால் மீதிப் பணம் அவனிடமிருந்து பிடுங்கப்பட்டது என்று பொருள். அது வரி. நாட்டிலேயே மிகக் குறைவாகச் சம்பாதிக்கிறவன் மேல், சொத்து எதுவும் இல்லாத வயதில், ரொக்கமாக இல்லாமல் உடம்பாக வசூலிக்கப்படுகிற வரி. "எல்லாரையும் வேண்டாம், பாதிப் பேரை எடுத்தால் போதும்" என்பது இன்னொரு பதில். எந்தப் பாதி என்று கேட்டால் பதில் நின்றுவிடுகிறது. குலுக்கலா, பரீட்சையா, டாக்டர் சர்டிபிகேட்டா? நம் ஊரில் எது எங்கே எவ்வளவுக்குக் கிடைக்கும் என்பது சித்தப்பாவுக்குத் தெரியாததல்ல.

இதில் எனக்கு ஆற்றாமையாக இருக்கும் விஷயம் வேறு. பட்டாளத்துக்குப் போக ஆளில்லாத நாடா இது? வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் போகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவம் 25 லட்சம் பேராக வளர்ந்தது. கட்டாயச் சட்டம் எதுவும் இல்லாமல், தாமாகச் சேர்ந்தவர்களைக் கொண்டே. இன்றைக்கும் மாவட்ட மைதானங்களில் விடிகாலை நாலரை மணிக்குப் போய் நின்றால் பார்க்கலாம். செருப்பில்லாமலும் கிழிந்த கேன்வாஸோடும் பையன்கள் சுற்றி வருவார்கள். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் முழு மதிப்பெண் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஒருவன் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு கோட்டருகே கத்துவான். கடைசிச் சுற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருபவனை இன்னொருவன் தோளில் கைகொடுத்துத் தூக்குவான். ஓட்டம் முடிந்ததும் புல்-அப்ஸ், பத்து எடுத்தால்தான் முழு மதிப்பெண். அதற்கு மைதானத்தில் கம்பி இருக்காது. கோல் போஸ்டிலோ வேப்பமரக் கிளையிலோ தொங்குவார்கள்.

கோவிட் காலத்தில் இரண்டு வருஷம் ஆளெடுப்பு நடக்கவில்லை. பிறகு 2022 ஜூன் 14ஆம் தேதி அக்னிபத் அறிவிப்பு வந்தது: நான்கு வருஷம்தான் வேலை, அதற்குப் பிறகு நூற்றுக்கு 25 பேரை மட்டும் வைத்துக்கொள்வார்கள், பென்ஷன் கிடையாது. பீகாரில் ரயில்களைக் கொளுத்தினார்கள். செகந்திராபாத் ரயில் நிலையத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஓர் இளைஞர் இறந்தார். எரித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர்கள் எதற்காகக் கொதித்தார்கள் என்று பாருங்கள். ராணுவத்தில் முழுக் காலம் இருக்க விடமாட்டேன் என்கிறார்களே என்பதற்காக. அவ்வளவுக்குப் பிறகும் அந்த ஆண்டு விமானப்படையின் சுமார் 3,000 இடங்களுக்கு ஏழரை லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். வர விரும்பும் ஏழரை லட்சம் பேரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, வர விரும்பாதவனைப் பிடித்து உள்ளே தள்ளச் சொல்வதற்குப் பெயர் பாதுகாப்புக் கொள்கையா? அதிகாரிகள் பற்றாக்குறைக்கும் இதுவே பதில். நல்ல பட்டதாரிகள் வரவில்லை என்றால் சம்பளத்தையும் பதவி உயர்வையும் குடும்ப வசதியையும் பார்க்க வேண்டும். தாசில்தார் ஆக நினைக்கிறவனைப் பிணைக்கைதியாகப் பிடித்து லெஃப்டினன்ட் ஆக்கினால் ராணுவத்துக்கும் அரை மனதுள்ள அதிகாரி, தாலுகாவுக்கும் ஐந்து வருஷம் தாமதம்.

"ராணுவத்துக்கு ஆள் வேணும்கிறதுக்காகச் சொல்லலைங்க, ஒழுக்கம் வரணும்னு சொல்றோம்" என்று அடுத்த படிக்கு வருவார்கள். இந்தப் பரிசோதனையை ஒரு பெரிய நாடு செய்து பார்த்திருக்கிறது. 1966இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாரா 'ஒரு லட்சம் பேர் திட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். நுழைவுத் தேர்வில் தேறாததால் வழக்கமாகத் திருப்பி அனுப்பப்படும் ஏழைப் பையன்களையும் சேர்த்துக்கொள்வது. ராணுவம் அவர்களைத் தூக்கிவிடும், தொழில் கற்றுத்தரும், வறுமையிலிருந்து மீட்கும் என்பது வாக்குறுதி. 1971 வரை மூன்றரை லட்சம் பேர் இப்படி எடுக்கப்பட்டார்கள். நிறையப் பேர் வியட்நாம் போனார்கள். திரும்பி வந்தவர்களைப் பிற்பாடு ஆராய்ந்தபோது, ராணுவத்துக்கே போகாத அதே தரத்துச் சகவயதினரைவிட அவர்கள் வாழ்க்கை மேலாக இல்லை என்று தெரிந்தது.

முகாமுக்குள் என்ன ஒழுக்கம் வருகிறது என்பதையும் பார்ப்போம். தென்கொரியாவில் கட்டாயத் தரைப்படைச் சேவை இன்று 18 மாதம். அங்கே 2014இல் ஒரு படைமுகாமில், கட்டாயத்தில் வந்த இளஞ்சிப்பாய் ஒருவரை அதே அறையில் இருந்த மூத்த சிப்பாய்கள் வாரக்கணக்கில் அடித்தே கொன்றார்கள். அடித்தவர்களும் கட்டாயத்தில் வந்தவர்கள்தான். ரஷ்யாவில் பழைய அணி புதிய அணியை வதைப்பது சோவியத் காலத்திலிருந்து தொடரும் நோய். 2006 புத்தாண்டு இரவில் செல்யாபின்ஸ்கில் வதைபட்ட சிப்பாய் ஒருவருக்கு இரண்டு கால்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. வேலையை விட்டுப் போக முடியாத இடத்தில், மேலே இருப்பவனுக்குக் கேள்விகேட்பார் இல்லாத இடத்தில், இதுதான் நடக்கும். நம் கல்லூரி விடுதி ராகிங்கை வைத்தே ஊகிக்கலாம். அங்கேயாவது பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறலாம். நமக்கே ஒரு சின்ன அனுபவம் உண்டு. சீனப் போருக்குப் பிறகு 1963இல் கல்லூரிகளில் என்சிசி கட்டாயமாக்கப்பட்டது. 1968இல் அதை மறுபடி விருப்பப் பாடமாக்கிவிட்டார்கள். இன்றைக்கு என்சிசியில் இருப்பவன் விரும்பி வந்தவன். அதனால்தான் அவன் போட்ட மடிப்பு கலையாமல் நிற்கிறான்.

குறுக்கே ஒன்று. பட்டாளத்தின் பேச்சுமொழி இந்தி. தாமாகப் போகிற தமிழர்கள் அதை ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்கிறார்கள், அதில் ஒரு தகராறும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் ஒவ்வொரு 18 வயதுப் பையனையும் சட்டம் போட்டு இந்தி முகாமுக்கு அனுப்பும் யோசனைக்கு, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பார்த்த மாநிலத்தில் இத்தனை கைதட்டு விழுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

சரி, சிங்கப்பூர். 1965 ஆகஸ்டில் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது அந்தத் தீவில் 19 லட்சம் பேர், இரண்டே காலாட்படை பட்டாலியன்கள். பிரிட்டிஷ் படைகளும் கிளம்பும் அறிகுறி தெரிந்தது. விரும்பி வருபவர்களை மட்டும் வைத்து ஒரு படை திரட்ட அங்கே மக்கள்தொகை இல்லை. 1967இல் தேசிய சேவை வந்தது; பயிற்சிக்கு வந்த இஸ்ரேலியர்களை மெக்சிகோக்காரர்கள் என்று சொல்லிச் சமாளித்தார்கள். ரஷ்யாவோடு 1,340 கிலோமீட்டர் எல்லையை வைத்துக்கொண்டு 55 லட்சம் பேரோடு இருக்கும் பின்லாந்தின் நிலையும் அதுதான். ஆள் குறைவு, ஆபத்து அருகில். அவர்கள் கட்டாயச் சேவை வைத்திருப்பதை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் கை தூக்கியிருப்பேன். 140 கோடிப் பேர் உள்ள நாடு அவர்களைப் பார்த்து எதைக் காப்பியடிப்பது?

"இனங்களை ஒன்று சேர்த்ததே" என்கிறார்கள். சிங்கப்பூரில் தேசிய சேவை தொடங்கி முதல் பத்தாண்டு வரை மலாய் இளைஞர்கள் பெரும்பாலானோரை அழைக்கவே இல்லை. படையின் சில பிரிவுகளில் அவர்களை ஏன் வைப்பதில்லை என்று 1987இல், பிற்காலத்தில் பிரதமரான லீ சியன் லூங்கே வெளிப்படையாகப் பேசினார். நாட்டுக்கும் மதத்துக்கும் இடையில் அவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்பது அவர் சொன்ன காரணம். இஸ்ரேலில் அரபுக் குடிமக்களுக்கு அழைப்பு இல்லை. ட்ரூஸ் ஆண்களுக்கு உண்டு. 1948இல் பிரதமர் பென்-குரியன் 400 யூத வேத மாணவர்களுக்குக் கொடுத்த விலக்கு வளர்ந்து வளர்ந்து, 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் தலையிட்டபோது விலக்கில் இருந்த தீவிர மதப்பற்றாளர் இளைஞர்கள் 60,000 பேருக்கு மேல். ஒரு சமூகம் யாரை நம்புகிறது, யாரை நம்பவில்லை என்பது படைமுகாமின் வாசலிலேயே தெரிந்துவிடுகிறது. அந்த வாசலைத் தாண்டினால் நம்பிக்கை முளைக்கும் என்பதற்கு இவர்கள் காட்டும் இரண்டு நாடுகளிலுமே ஆதாரம் இல்லை. சிங்கப்பூரில் குடியேறிய நம்மூர்க் குடும்பங்களிடம் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். நிரந்தரவாசத்துக்கு மனுப்போடும்போது மகனையும் சேர்த்துப் போடுவதா வேண்டாமா என்று, சேர்த்தால் அவன் இரண்டு வருஷம் தேசிய சேவைக்குப் போக வேண்டுமே என்று, கணவனும் மனைவியும் இரவெல்லாம் பேசுவார்கள். வாட்ஸ்அப்பில் கொடி போடுகிற அதே குடும்பத்துக் கிளைதான்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுவல்ல. அது அமெரிக்காவில் சார்லஸ் ரேங்கல் வைத்த வாதம். கொரியப் போரில் சண்டையிட்ட கறுப்பின எம்.பி. அவர். ஏழைகளின் பிள்ளைகள் மட்டும் போருக்குப் போவதால்தான் பணக்காரர்கள் இவ்வளவு சுலபமாகப் போருக்கு ஓட்டுப் போடுகிறார்கள். எல்லார் வீட்டுப் பிள்ளையும் போக வேண்டும் என்றால் யோசிப்பார்கள் என்று, ஈராக் போருக்கு முன்பு 2003 ஜனவரியில் கட்டாயச் சேவை மசோதா கொண்டுவந்தார். நியாயமான கோபம். நம் நாட்டிலும் டிவி விவாதங்களில் பத்து நிமிடத்துக்கொரு முறை போர் அறிவிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கும் ஒரு கணம் அப்படித் தோன்றுகிறது.

ஆனால் வரலாறு நேர்மாறாகச் சொல்கிறது. கட்டாய ஆளெடுப்பு கையில் இருந்ததால்தான் வியட்நாம் அவ்வளவு பெரிதானது. 1965 ஜூலை 28ஆம் தேதி ஜனாதிபதி ஜான்சன், மாதம் 17,000 பேராக இருந்த ஆளெடுப்பை 35,000 ஆக்கினார். ரிசர்வ் படையினரை அழைத்தால் நாடே போர்க்கோலம் கொள்ளும், காங்கிரசில் விவாதம் வரும். பையன்களுக்குத் தபாலில் உத்தரவு அனுப்பினால் ஓசையில்லாமல் முடிந்துவிடும். 1964 முடிவில் வியட்நாமில் 23,000 பேராக இருந்த அமெரிக்கப் படை 1968இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? கல்லூரியில் இருந்தால் ஒத்திவைப்பு. பிற்காலத்தில் துணை ஜனாதிபதியாகி ஈராக் போரை முன்னின்று நடத்திய டிக் சேனி ஐந்து முறை ஒத்திவைப்பு வாங்கியவர். டொனால்ட் டிரம்பும் ஐந்து முறை. நான்கு படிப்புக்காக, ஒன்று குதிகால் எலும்புக்காக. குத்துச்சண்டைச் சாம்பியன் முகமது அலி ஒத்திவைப்பு வாங்கிப் பதுங்கவில்லை, நேராகவே மறுத்தார். 1967இல் பட்டத்தைப் பறித்தார்கள். உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது 1971 ஆகிவிட்டது. ரேங்கலின் மசோதா 2004 அக்டோபரில் வாக்கெடுப்புக்கு வந்தது. 402 பேர் எதிர்ப்பு, இரண்டே பேர் ஆதரவு. வாக்கெடுப்பே நாடகம் என்று கோபப்பட்டு ரேங்கலும் எதிராகத்தான் போட்டார்.

தமிழில் எழுதுகிறவன் இந்த விஷயத்தில் வியட்நாம் வரை போய்விட்டு வன்னியைத் தாண்டி வந்துவிட முடியாது. 2006க்குப் பிறகு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியில் வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் என்றானது. கடைசி மாதங்களில் அந்த எண்ணிக்கையும் வயதும் எந்த வரம்பிலும் நிற்கவில்லை. பங்கருக்குள் பிள்ளைகளை ஒளித்துவைத்தார்கள். கல்யாணம் ஆனவர்களை எடுப்பதில்லை என்று இருந்த காலத்தில், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அவசரமாகத் தாலி கட்டிவைத்தார்கள். வெளியேற நினைத்தால் பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமென்றால் பிணை நிற்க ஆள் வேண்டும். அதற்கு முன் நிறையப் பேர் தாமாகவே பிள்ளைகளை அனுப்பிய சமூகம் அது. இனத்தின் இருப்பே ஆபத்தில் இருக்கிறது என்பதுதான் அங்கேயும் சொல்லப்பட்ட காரணம், அந்த ஆபத்தும் பொய்யல்ல. எதிரே இருந்த இலங்கை ராணுவம் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்களைக் கொண்ட படை. அது செய்தவற்றைப் பார்த்தால், விரும்பிச் சேர்ந்த படை என்பதாலேயே நல்ல படையாகிவிடாது என்பதும் தெரிகிறது. எனினும் ஒரு தாய் தன் பிள்ளையைத் தன் தரப்பிடமிருந்தே ஒளித்துவைக்கும் நிலை வந்த பிறகு அங்கே எதைக் காப்பாற்றப் போர் நடந்தது என்ற கேள்விக்கு யாரும் இன்றுவரை நேராகப் பதில் சொல்லவில்லை.

கட்டாயச் சேவை எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. பின்லாந்துக்காரனுக்கு மறுக்கும் உரிமை உண்டு. மறுத்தால் ஆயுதமில்லாத மாற்றுப் பணி உண்டு. சட்டத்தையே ஓட்டுப் போட்டு நீக்கலாம். எரித்திரியாவில் 1995 சட்டப்படி சேவை 18 மாதம். எத்தியோப்பியப் போருக்குப் பிறகு அது முடிவே இல்லாமல் நீண்டு, நாற்பது வயதிலும் சீருடையைக் கழற்ற முடியாத ஆட்கள் உண்டு. சட்டப் புத்தகத்தில் இரண்டுக்கும் பெயர் ஒன்றே. இந்தியா எந்தப் பக்கம் சாயும் என்பதை, விசாரணையில்லாமல் வருஷக்கணக்கில் சிறையில் இருப்பவர்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ராணுவப் பயிற்சி பெற்ற இளைஞர்களால் நாடு நிறைய வேண்டும் என்பதுதான் உண்மையான ஆசை என்றால், அதற்குக் கட்டாயச் சட்டம் வேண்டாம், ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். அக்னிவீரர்களின் முதல் அணி 2022 டிசம்பரிலும் 2023 ஜனவரியிலும் பயிற்சியில் சேர்ந்தது. அவர்களுக்கு நான்கு ஆண்டு முடிவது 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலும். நூற்றுக்கு 75 பேர் பதினொன்றே முக்கால் லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான சேவாநிதியோடு, 22, 23 வயதில், துப்பாக்கி பிடிக்கவும் அதிகாலை எழவும் கட்டளைக்குக் கீழ்ப்படியவும் தெரிந்தவர்களாக ஊர் திரும்புவார்கள். அடுத்த ஆண்டு அடுத்த அணி. அவர்களுக்குத் தமிழ்நாட்டுக் காவல்துறையில் எத்தனை இடம், தீயணைப்புத் துறையில் எத்தனை இடம், விட்ட படிப்பைத் தொடர எந்தக் கல்லூரி சேர்த்துக்கொள்ளும், ஏடிஎம் வாசல் நாற்காலியைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று சித்தப்பா தன் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு ஒரு கடிதம் எழுதட்டும். வாட்ஸ்அப்பிலேயே எழுதினாலும் சரி.